பயிலரங்கு முடிந்த மறுநாள்: பல்கலைக்கழக ஆசிரியரின் தொடர் வளர்ச்சி

கேள்வி: முனைவர் பட்டம் முடித்துவிட்டு உதவிப் பேராசிரியராகச் சேரப்போகிறேன். பணியில் சேர்ந்த பிறகும் ஆசிரியர்கள் தொடர்ந்து வளர்வதற்குப் பல்கலைக்கழகங்கள் உண்மையில் என்ன செய்கின்றன? ஆண்டுக்கு ஓரிரு பயிலரங்கு, கையில் ஒரு சான்றிதழ், அவ்வளவுதானா?

பதில்:

அவ்வளவோடு நின்றுவிடும் இடங்களும் இருக்கின்றன. அதனால் உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் இதில் நிறைய முயற்சிகள் நடந்திருக்கின்றன. எது பயன் தருகிறது, எது வெறும் கணக்குக் காட்டுவதற்காக நடக்கிறது என்பதும் ஓரளவு தெளிவாகிவிட்டது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பல்கலைக்கழகம் எத்தனை பயிலரங்கு நடத்துகிறது என்று எண்ணாதீர்கள். பயிலரங்கு முடிந்த மறுநாள் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியருக்கு நேரமும் துணையும் தருகிறதா என்று பாருங்கள்.

நீண்ட காலம் ஆசிரியர் வளர்ச்சி என்றால் பாட அறிவின் வளர்ச்சி என்றே பல்கலைக்கழகங்கள் எண்ணின. 1880இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தொடங்கிய ஆய்வு விடுப்பு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏழாண்டுக்கு ஒருமுறை, அரைச் சம்பளத்தில், கற்பிக்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டுப் படிக்கவும் எழுதவும் ஓராண்டு கிடைத்தது. பிற பல்கலைக்கழகங்களும் அதைப் பின்பற்றின. அதனுடன் நூலகம், மாநாட்டுப் பயணச் செலவு, ஆய்வகம் ஆகியவற்றையும் தந்துவிட்டால் கடமை முடிந்தது. பாடம் தெரிந்தவருக்குக் கற்பிக்கவும் தெரியும் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத, எல்லோரும் ஏற்றுக்கொண்ட நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர்களில் மருத்துவக் கல்வியாளர்களும் உண்டு. 1950களின் நடுவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர், மருத்துவப் பேராசிரியர்களையும் கல்வியியல் பேராசிரியர்களையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். 1962இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் கற்றல், கற்பித்தல் ஆய்வுக்கென்றே ஒரு மையத்தைத் திறந்தது. இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் இருக்கும் கற்பித்தல் மையங்களுக்கெல்லாம் அது ஒரு முன்னோடி.

நல்ல கற்பித்தல் மையம் ஒன்றின் அன்றாட வேலை பயிலரங்கு நடத்துவது அல்ல. ஆசிரியருடன் தனியே உட்கார்ந்து பேசுவது. "என் வகுப்பில் யாருமே கேள்வி கேட்பதில்லை", "தேர்வில் பாதிப் பேர் ஒரே இடத்தில் தவறுகிறார்கள்" என்று ஒருவர் வருவார். மையத்தில் இருப்பவர் அவருடைய பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் வாங்கிப் பார்த்து, அடுத்த வாரம் எதை மாற்றிப் பார்க்கலாம் என்று அவரோடு சேர்ந்து யோசிப்பார்.

இதில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகப் படும் ஒரு முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1970களின் பிற்பகுதியில் உருவான பருவ நடுவிலான சிறுகுழுக் கருத்தறிதல் அது. பருவம் பாதி கடந்த நிலையில் ஆசிரியர் மையத்திலிருந்து ஒருவரை அழைக்கிறார். அன்று வகுப்பின் ஒரு பகுதியில் ஆசிரியர் வெளியே போய்விட, வந்தவர் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, இந்த வகுப்பில் நீங்கள் கற்றுக்கொள்ள உதவுவது எது, தடையாக இருப்பது எது, எதை மாற்றலாம் என்று கேட்கிறார். குழுக்கள் தங்களுக்குள் பேசி எழுதியதை வகுப்பு முழுவதும் விவாதிக்கிறது. ஒருவருடைய தனிப்பட்ட மனக்குறை எது, பெரும்பாலானவர்களின் உண்மையான சிக்கல் எது என்பது அந்த விவாதத்திலேயே பிரிந்துவிடுகிறது. பிறகு வந்தவர் அதைத் தொகுத்து, பெயர்களை நீக்கி, ஆசிரியரிடம் மட்டும் பேசுகிறார். அடுத்த வகுப்பில் ஆசிரியர் மாணவர்களிடம், "நீங்கள் சொன்னவற்றில் இவற்றை மாற்றுகிறேன், இதை மாற்ற இயலாது, காரணம் இது" என்று விளக்குகிறார். பருவ முடிவில் நிரப்பப்படும் படிவம் அந்த மாணவர்களுக்கு எந்த வகையிலும் உதவாது, இது உதவும். கேட்கப்பட்டோம் என்ற உணர்வு வகுப்பின் போக்கையே மாற்றிவிடும்.

வகுப்பைப் பார்வையிடும் முறைகளும் மேம்பட்டிருக்கின்றன. பின்வரிசையில் உட்கார்ந்து "நன்றாக நடத்துகிறார்" என்று எழுதும் பார்வையால் யாருக்கும் பயனில்லை. 2013இல் வெளிவந்த ஒரு கண்காணிப்பு முறையில், பார்வையாளர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்கிறார். நல்லது, கெட்டது என்ற தீர்ப்பு எதுவும் கிடையாது. வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளைப் பார்க்கும் ஆசிரியர், தான் கலந்துரையாடல் நடத்தியதாக நினைத்த வேளையில் பெரும்பகுதி தானே பேசியிருப்பதைத் தன் கண்ணாலேயே காண்கிறார்.

இவை நடக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனையில் தளர்வே கூடாது. மையத்தில் பேசியதும், பார்வையிட்டுக் குறித்ததும் பணி உயர்வுக் கோப்புக்குப் போகக் கூடாது. போகும் என்ற சந்தேகம் எழுந்தாலே போதும். ஆசிரியர்கள் தங்கள் பலவீனங்களை மறைத்து, நன்றாகப் போகும் வகுப்புக்கு மட்டும் பார்வையாளரை அழைப்பார்கள். வளர்ச்சிக்கான மதிப்பீட்டையும் பதவிக்கான மதிப்பீட்டையும் பிரித்து வைக்காத நிறுவனத்தில் மையம் எவ்வளவு பெரிய கட்டடத்தில் இருந்தாலும் ஆள் வரமாட்டார்கள்.

இனி, பயிலரங்குகளை ஏன் குறைத்துச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். மாணவர்களை ஈடுபடுத்திக் கற்பிப்பதன் பயன் பற்றி இப்போது பெரிய விவாதம் இல்லை. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான பகுப்பாய்வு, விரிவுரை மட்டும் கேட்கும் மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு, ஈடுபட்டுக் கற்பவர்களோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்கு என்று காட்டியது. ஆனாலும், வட அமெரிக்காவில் 25 நிறுவனங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்புகளைப் பார்வையிட்டு 2018இல் வெளியான ஆய்வில், 55 விழுக்காடு வகுப்புகள் வழக்கமான விரிவுரைகளாகவே இருந்தன. ஆசிரியர்களுக்குச் செய்தி எட்டவில்லையா? எட்டியிருக்கிறது, பயிற்சியும் கிடைத்திருக்கிறது. உயிரியல் ஆசிரியர்களுக்கான பயிற்சிகளில் கலந்துகொண்டவர்களை ஒரு குழு தொடர்ந்து ஆராய்ந்து 2011இல் தன் முடிவுகளை வெளியிட்டது. மாணவர்களை மையமாக வைத்துத் தங்கள் வகுப்பை மாற்றிவிட்டதாகவே பெரும்பாலானோர் சொன்னார்கள். வகுப்பின் காணொளிகளைப் பார்த்தபோது 75 விழுக்காட்டினர் பழைய விரிவுரை முறையிலேயே இருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மாற்ற விரும்பினார்கள், சில நாள் முயன்றிருப்பார்கள். அப்போது ஒரு மாணவர் முகம் சுளித்திருப்பார், பாடம் முடியாமல் நேரம் போயிருக்கும். அருகில் பேச ஆளில்லை. பழைய குறிப்பேடு மேசையிலேயே இருந்தது.

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்களின் தன்னம்பிக்கை, பயிற்சியே பெறாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஓராண்டுக்கு மேலாகத் தொடர்ந்த பயிற்சியில்தான் கற்பிக்கும் அணுகுமுறையும் நம்பிக்கையும் சேர்ந்து உயர்ந்தன. இது எனக்கு வியப்பளிக்கவில்லை. இரண்டு நாள் பயிற்சி பழைய வழக்கத்தின் மீது இருந்த பிடிப்பைக் குலைக்கிறது. புதியதைக் கைவரப்பெறும் அளவுக்கு அது நீடிப்பதில்லை. நீச்சலின் முதல் வாரம் போன்றது அந்த நிலை: கரையை விட்டாயிற்று, இன்னும் மிதக்கத் தெரியவில்லை. அந்த இடத்தில் கைவிட்டால் ஆசிரியர் திரும்பக் கரையேறிவிடுவார். எட்டு நாடுகளில் 22 பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொண்டு 2004இல் வெளியான மற்றோர் ஆய்வும் கவனத்துக்குரியது. பல மாதங்கள் நீண்ட பயிற்சிகளில் இருந்த ஆசிரியர்கள் மாணவரை மையமாகக் கொண்ட முறைக்கு நகர்ந்தார்கள். பயிற்சியற்ற ஒப்பீட்டுக் குழு அப்படியே நிற்கவும் இல்லை, எதிர்த்திசையில் நகர்ந்தது. ஆசிரியரைத் தனியே விட்டுவிட்டால் அனுபவம் தானாகக் கற்றுக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் இல்லை.

அப்படியானால் நீண்ட துணை என்பது நடைமுறையில் எப்படி இருக்கும்? நான் அறிந்தவற்றுள் துணிச்சலானது, இயற்பியலில் 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்திலும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் நடத்திய முயற்சி. அவர் பணத்தைத் தனி மையத்துக்குத் தரவில்லை, துறைகளுக்குத் தந்தார். துறையின் பாடத்தில் முனைவர் பட்டம் பெற்று, கற்றல் ஆய்விலும் பயிற்சி பெற்ற ஒருவர் அந்தத் துறைக்குள்ளேயே சில ஆண்டுகள் இருப்பார். ஓர் ஆசிரியர் தன் பாடத்தை மாற்றியமைக்கும்போது இவர் கூடவே உழைப்பார்: மாணவர்களுக்கு எங்கே தடுக்கிறது என்று கண்டறிவார், வகுப்பில் கேட்க வேண்டிய வினாக்களை எழுத உதவுவார், முடிவுகளை அளப்பார். வேதியியல் பேராசிரியர் வேதியியல் தெரிந்தவரின் பேச்சைத்தான் காது கொடுத்துக் கேட்பார் என்ற எளிய உண்மை இதில் மதிக்கப்பட்டது. செலவு அதிகம்தான். ஆனால் மாற்றத்தின் அலகு தனி ஆசிரியர் இல்லை, துறைதான் என்பதை அது நிறுவியது. மாற்றியமைத்த பாடம் அடுத்த ஆண்டு வேறோர் ஆசிரியர் கைக்குப் போனாலும் துறையின் சொத்தாகவே நிலைத்திருக்கும்.

இவ்வளவு நிதி இல்லாத இடங்களுக்கு ஓகையோவில் உள்ள மயாமி பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கிய ஆசிரியர் கற்றல் குழுமம் ஏற்றது. வெவ்வேறு துறைகளிலிருந்து எட்டு முதல் பன்னிரண்டு பேர். ஓராண்டு முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை சந்திப்பார்கள். ஒவ்வொருவரும் தன் வகுப்பில் ஒரு மாற்றத்தை முயன்று, என்ன ஆனது என்று மற்றவர்களிடம் சொல்ல வேண்டும். தோற்ற முயற்சியைத் தயக்கமின்றிச் சொல்ல ஓர் இடம் என்பதே இதன் பலம். துறைக் கூட்டத்தில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள்.

நாடு தழுவிய ஏற்பாடுகளும் உண்டு. நார்வேயில் 2019 முதல் பேராசிரியப் பணிகளுக்குக் குறைந்தது 200 மணி நேரக் கற்பித்தல் பயிற்சி எதிர்பார்க்கப்படுகிறது. நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்கள் ஒன்று வழங்கும் அடிப்படைக் கற்பித்தல் தகுதியை மற்றவை ஏற்பதென 2008இல் உடன்பட்டன. பிரிட்டனில் நான்கு படிநிலைகள் கொண்ட தகுதி வரையறை இருக்கிறது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கல்விப் பணியாளர் கல்லூரிகள் உருவாயின. அறிமுகப் பயிற்சியும் புத்தொளிப் பயிற்சியும் பணி உயர்வோடு இணைக்கப்பட்டன. இலங்கையில் தகுதிகாண் விரிவுரையாளர்கள் பணி உறுதிபெற இத்தகைய பயிற்சி வேண்டும். கட்டாயம் என்பதால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது, அது நன்மைதான். ஆனால் பயிற்சி பதவிக்கான படிவத்தில் ஒரு கட்டமாகிவிட்டால், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதே நோக்கமாகிவிடும். நார்வே, நெதர்லாந்து முறைகளில் எனக்குப் பிடித்த கூறு, ஆசிரியர் அந்தப் பருவத்தில் உண்மையாகவே நடத்தும் பாடத்தைச் சுற்றிப் பயிற்சி அமைவது.

ஆய்வுப் பக்கத்தை இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம். அங்கே பல்கலைக்கழகங்களுக்கு நெடுங்காலப் பழக்கம் இருக்கிறது. தொடக்க நிதிநல்கை, முதல் ஆண்டில் குறைந்த பாடவேளை, நிதி விண்ணப்பத்தை அனுப்பும் முன் படித்துத் திருத்தும் அலுவலகம், எழுதுவதற்கென்றே வாரத்தில் ஒரு வேளை கூடும் குழுக்கள் ஆகியவை இருந்தால் நல்ல இடம். வழிகாட்டி விஷயத்தில் மட்டும் ஒரு சொல். ஒரு மூத்தவரை நியமித்துவிட்டு அதோடு மறந்துவிடுவது பரவலான வழக்கம். அந்த மூத்தவருக்கு நேரமில்லாவிட்டால், அல்லது அவரே நாளை உங்கள் பணி உறுதி குறித்து வாக்களிப்பவராக இருந்தால், உறவு உபசாரத்தோடு நின்றுவிடும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகம் வளர்த்த பரஸ்பர வழிகாட்டல் முறை எனக்கு ஏற்புடையது. அதில் ஒரே குருவைத் தேட வேண்டியதில்லை. ஆய்வுக்கு ஒருவர், வகுப்புக்கு ஒருவர், நிறுவனத்தின் நடைமுறைகளுக்கு ஒருவர், சம வயதுச் சகாக்கள் சிலர் என்று சிறு வட்டத்தை அமைத்துக்கொள்கிறார்கள். அதற்குச் சிறு நிதியும் பல்கலைக்கழகம் தருகிறது.

இவை எல்லாம் இருந்தும் பணி உயர்வுக் குழு கட்டுரைகளை மட்டுமே எண்ணுமானால், ஆசிரியர்கள் எதைச் செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 1990இல் அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர், புதியதைக் கண்டறிவது மட்டுமே புலமை இல்லை, இணைப்பதும் பயன்படுத்துவதும் கற்பிப்பதும் புலமையே என்று வாதிட்டார். அந்தக் கருத்தைச் சம்பளப் பட்டியல் வரை கொண்டுபோனவர்கள் குறைவு. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பொறியியல் புலம் அவர்களில் ஒன்று. அங்கே 2001 முதல், ஆசிரியர் தன் கற்பித்தலைப் பற்றிய தொகுப்பை எழுதிச் சமர்ப்பித்து, நேர்காணலில் அதை விளக்கி, சிறந்த கற்பித்தலுக்கான தகுதியைப் பெறலாம். பெற்றால் அவருக்குச் சம்பள உயர்வு. அவர் துறைக்கும் கூடுதல் நிதி. துறைத் தலைவரே, "நீங்கள் ஏன் விண்ணப்பிக்கவில்லை?" என்று கேட்கும் நிலை அப்போது வரும். மாணவர்கள் ஆசிரியருக்கு மதிப்பெண் இடும் படிவத்தை மட்டும் வைத்துக் கற்பித்தலை அளப்பதோ தவறான குறுக்குவழி. அத்தகைய மதிப்பெண்களுக்கும் மாணவர்கள் உண்மையில் கற்றதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று 2017இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது.

இரண்டு கூட்டத்தாரைப் பெரும்பாலான திட்டங்கள் மறந்துவிடுகின்றன. ஒன்று, பணி உறுதியும் பதவியும் பெற்றுவிட்ட நடுவயது ஆசிரியர்கள். புதியவர்களுக்குத் திட்டம் இருக்கிறது, ஓய்வுபெறுபவருக்கு விழா இருக்கிறது. இடையில் இருபது ஆண்டுகள் ஒருவர் துறைத் தலைவராக, குழு உறுப்பினராக உழைத்துச் சலித்திருப்பார். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. துறைத் தலைமைக்கு எந்தப் பயிற்சியும் இல்லாமல் சுழற்சி முறையில் பதவியைக் கையில் கொடுப்பதும் இதோடு சேர்ந்ததே. மற்றவர்கள், பகுதிநேர, ஒப்பந்த ஆசிரியர்கள். முதலாண்டு மாணவர்களின் பெரிய வகுப்புகள் பல இடங்களில் அவர்கள் தோளில்தான். பயிற்சிக்கு அவர்களை அழைத்தாலும் அந்த மணி நேரத்துக்கு ஊதியம் கிடையாது. வேறொரு கல்லூரிக்கு ஓட வேண்டிய நேரம் அது. ஊதியம் தராமல் அவர்களை அழைப்பது அழைக்காததற்குச் சமம். இது எனக்குக் கோபம் தரும் விஷயம், ஏனென்றால் தடுமாறும் முதலாண்டு மாணவருக்கு முதலில் எதிர்ப்படுகிற ஆசிரியர் இவரே.

நீங்கள் சேரப்போகும் இடத்தில் என்ன கேட்கலாம்? நேர்காணலின் முடிவில் "உங்களுக்கு ஏதேனும் கேள்வி உண்டா?" என்பார்கள். முதல் ஆண்டில் எத்தனை பாடவேளை என்று கேளுங்கள். கற்பித்தல் பயிற்சிக்குச் செலவிடும் நேரம் பணிச்சுமைக் கணக்கில் சேருமா என்று கேளுங்கள். சமீபத்தில் யாராவது தன் பாடத்தை மாற்றியமைத்திருக்கிறாரா, அதற்குத் துறை என்ன உதவியது என்று கேட்டால், விடையிலிருந்தே நிறைய தெரிந்துவிடும். பெயரும் விவரமும் சொல்லத் தொடங்கினால் நல்ல துறை. "எங்களிடம் பயிற்சிகள் நிறைய நடக்கின்றன" என்று பொதுவாக நிறுத்தினால், உள்ளே இருக்கும் இளையவர் ஒருவரிடம் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே இல்லாத இடத்தில் சேர நேர்ந்தாலும் ஒன்றைச் செய்யலாம். யார் அனுமதியும் வேண்டாம். வேறு துறையிலிருந்து நம்பகமான ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். பருவத்துக்கு இருமுறை நீங்கள் அவர் வகுப்புக்கும் அவர் உங்கள் வகுப்புக்கும் போவதாக ஒப்புக்கொள்ளுங்கள். போவதற்கு முன், எதைப் பார்க்க வேண்டும் என்பதை வகுப்பு நடத்துபவரே சொல்ல வேண்டும்: "நான் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்று மட்டும் பாருங்கள்" என்பது போல. பார்ப்பவர் அதை மட்டும் குறிக்கட்டும். அன்றைக்கே அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் பேச வேண்டியவர் வகுப்பு நடத்தியவர். தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள், நகல் வேண்டாம். பேச்சின் முடிவில் அடுத்த இரண்டு வாரத்துக்குள் மாற்றிப் பார்க்க ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.